அப்பாவின் துப்பாக்கிக்கு ஓர் ஊசி

கேள்வி: எங்களுக்கு உடுமலைப் பக்கம் தென்னந்தோப்பு. அப்பாவிடம் லைசென்ஸோடு ஒரு பழைய வெப்லி அண்ட் ஸ்காட் (இங்கிலாந்துத் தயாரிப்பு) இரட்டைக்குழல் துப்பாக்கி இருந்தது, குழல் அளவு பன்னிரண்டு போர். தாத்தா காலத்தில் ஒரு எஸ்டேட் துரையிடம் வாங்கியது. அப்பா போன வருடம் தவறிவிட்டார். துப்பாக்கி பீரோவில் இருக்கிறது. அப்பா இருக்கும்போதே இடது குழல் வெடிக்காது. ‘டிக்’ என்று சத்தம் மட்டும் வரும். தோட்டாவின் அடியில் குத்தி அதை வெடிக்க வைக்கும் ஊசி தேய்ந்துவிட்டது என்பார். எங்கு தேடியும் உதிரிபாகம் கிடைக்கவில்லை. தெரிந்த லேத்காரர் கடைந்து தருகிறேன் என்கிறார். ஸ்டேஷனில் பழக்கமான ஒருவர், வழக்கில் பிடித்த துப்பாக்கிகள் கட்டுக்கட்டாகக் கிடக்கின்றன, எப்படியும் உடைக்கத்தான் போகிறார்கள், ஒன்றிலிருந்து கழற்றித் தரலாம் என்கிறார். டெக்சாஸில் இருக்கும் சித்தப்பா மகனோ, அங்கே போலீஸ் பறிமுதல் செய்த துப்பாக்கிகளின் பாகங்களே விலைக்குக் கிடைக்கின்றன, பொங்கலுக்கு வரும்போது பெட்டியில் போட்டுக் கொண்டுவருகிறேன் என்கிறான். எது சரியான வழி?

பதில்: தம்பி, மூன்று வழி சொல்லியிருக்கிறீர்கள். மூன்றும் வேண்டாம். ஏன் என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். அதற்கு முன் உங்கள் கடிதத்தில் போகிறபோக்கில் எழுதிய ஒரு வரி எனக்குத் தூக்கிவாரிப்போட்டது: “துப்பாக்கி பீரோவில் இருக்கிறது.”

லைசென்ஸ் உங்கள் அப்பா பெயரில் இருந்தது. அவர் போனதோடு அதுவும் போயிற்று. தோப்பு, வீடு, வண்டி எல்லாம் வாரிசுக்கு வருவது போலத் துப்பாக்கி வந்துவிடாது. அதன் மதிப்பு உங்கள் குடும்பத்துக்குச் சொந்தம்தான்; கையில் வைத்திருக்கும் உரிமை மட்டும் இன்னும் உங்களுக்கு வரவில்லை. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 21ஆம் பிரிவு, வைத்திருக்கும் உரிமை எந்தக் காரணத்தால் போனாலும், தேவையில்லாத தாமதம் செய்யாமல் பக்கத்துக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைக்கச் சொல்கிறது. ஒரு வருடம் என்பது தாமதம்தான். உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு இரண்டு வருடத்திலிருந்து ஐந்து வருடம் வரை தண்டனை. பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. உங்களைப் போல, அப்பாவின் ஞாபகமாக இருக்கட்டும் என்று பீரோவில் வைத்துவிட்டு, வீட்டில் பங்காளித் தகராறு வந்த அன்றைக்கு யாரோ ஒருவர் போட்ட மொட்டைக் கடுதாசியால் மாட்டிக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அதனால் ஊசியைக் கொஞ்சம் மறந்துவிடுங்கள். முதலில் ஒரு வக்கீலிடம் பேசுங்கள். அப்புறம் ஸ்டேஷனுக்குத் தகவல் சொல்லிவிட்டு, இறப்புச் சான்றிதழ், அப்பாவின் லைசென்ஸ் புத்தகம், ஒரு கடிதம் இவற்றோடு துப்பாக்கியை ஒப்படையுங்கள். சொல்லாமல் கொள்ளாமல் சாக்கில் சுற்றிக்கொண்டு பஸ்ஸில் கிளம்பிவிடாதீர்கள். அது இன்னொரு வம்பு.

ஸ்டேஷனா, கடையா என்று கேட்டால் நான் கடை என்பேன். துப்பாக்கிக் கடைக்காரன் என்பதால் சொல்கிறேன் என்று நினைக்கலாம், பரவாயில்லை. ஒவ்வொரு தேர்தலுக்கும் லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் துப்பாக்கியை ஒப்படைக்க வேண்டியிருக்கிறது அல்லவா? தேர்தல் முடிந்து திரும்பி வருகிறவற்றில் பத்துக்கு நான்கு என் மேஜைக்கு வரும். குழலுக்குள் சிவப்பாகத் துரு, மரக்கட்டையில் கீறல், ஒருமுறை துப்பாக்கி உறைக்குள் எலிக்குஞ்சு. ஸ்டேஷன்காரர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர்களுக்கு இருக்கிற ஒரு அறையில் திருட்டு மோட்டார் பம்பும் சாராய கேனும் உங்கள் வெப்லியும் ஒன்றாகத்தான் இருக்கும். எங்கே ஒப்படைத்தாலும் ரசீதில் தயாரிப்புப் பெயர், துப்பாக்கி எண், குழலின் நிலை, கட்டையின் நிலை, தோட்டா எத்தனை என்று எழுத வைத்துக் கையெழுத்து வாங்குங்கள். ‘பழைய துப்பாக்கி ஒன்று’ என்று எழுதிய ரசீதை வாங்கிக்கொண்டு வராதீர்கள்.

ஒப்படைத்த பிறகு உங்கள் பெயருக்கு உரிமம் கேட்டு விண்ணப்பம். 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளில் வாரிசுக்கென்றே ஒரு விதி இருக்கிறது, 25ஆம் விதி. உரிமம் வைத்திருந்தவர் இறந்தால் வாரிசுக்குக் கொடுக்கலாம். அவர் உயிரோடு இருக்கும்போதேகூட, எழுபது வயது ஆகிவிட்டாலோ அந்தத் துப்பாக்கியை இருபத்தைந்து வருடம் வைத்திருந்தாலோ மாற்றித் தரலாம். உங்கள் அப்பா அப்போதே மாற்றியிருந்தால் இந்த அலைச்சல் இல்லை. இதைப் படிக்கும் மற்ற தகப்பன்மார்கள் கவனிக்கட்டும். வாரிசுச் சான்றிதழ், அம்மாவும் கூடப்பிறந்தவர்களும் ஆட்சேபம் இல்லை என்று எழுதித் தருவது, மருத்துவச் சான்று, துப்பாக்கியைப் பத்திரமாகக் கையாளும் பயிற்சிச் சான்று எல்லாம் வேண்டும். ஏ-1 படிவம். கலெக்டர் ஆபீஸுக்கு நாலைந்து தடவை நடக்க வேண்டியிருக்கும், செருப்பைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு எச்சரிக்கை: ஒப்படைத்துவிட்டு அப்படியே விட்டுவிடாதீர்கள். விதித்த காலத்துக்குள் திரும்ப வாங்கவோ விற்கவோ இல்லையென்றால் அது அரசுக்குப் போய்விடும். ஸ்டேஷனில் ‘கட்டுக்கட்டாகக் கிடக்கின்றன’ என்றாரே உங்கள் நண்பர், அதில் எல்லாமே திருடனிடம் பிடித்தது இல்லை. இப்படிக் கேட்பாரில்லாமல் போன அப்பாக்களின் துப்பாக்கிகளும் அதில் உண்டு.

சரி, ஊசிக்கு வருவோம்.

ஊசி தேய்ந்துவிட்டது என்று அப்பா சொன்னாரே, யாராவது கழற்றிப் பார்த்தார்களா? கடிதத்தில் அப்படி ஒன்றும் இல்லை. ‘டிக்’ என்று சத்தம் வந்து வெடிக்காமல் போவதற்கு ஊசி ஒரு காரணம். ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம். தோட்டா இருபது வருடப் பழசாக, மழைக்காலத்து ஈரம் குடித்ததாக இருக்கலாம். எங்கள் பக்கத்தில் எல்லாவற்றையும்விட அதிகம் பார்ப்பது தேங்காய் எண்ணெய். தோப்புக்காரர் வீட்டில் எண்ணெய்க்குப் பஞ்சமா? கதவு கிறீச்சிட்டாலும் அதுதான், துப்பாக்கிக்கும் அதுதான். ஊற்றும்போது நன்றாக வழுக்கும். உள்ளே போய் வருடக்கணக்கில் காய்ந்தால் முற்றிய வெல்லப்பாகு மாதிரி ஆகிவிடும். ஒருமுறை ஒரு விவசாயி உங்கள் கடிதத்தில் இருக்கிற அதே புகாரோடு வந்தார். அடித்தகட்டைத் திறந்தால் உள்ளே மஞ்சளாக ஒரு பிசின், அதில் ஒரு எறும்பு அம்பர் கல்லில் சிக்கியது போல அழகாகப் படுத்திருந்தது. மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் தேய்த்துக் கழுவி, துப்பாக்கி எண்ணெய் இரண்டு சொட்டு விட்டுப் பூட்டினேன். இரண்டு குழலும் வெடித்தன. அவர் நான்கு வருடம் தேடியலைந்த ‘பாகம்’ கடைசிவரை தேவைப்படவே இல்லை.

இன்னொன்று: ஊசியை அடிக்கும் சுத்தியலான குதிரை வெளியே தெரியாத துப்பாக்கியா உங்களுடையது? பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். வெப்லியின் அந்த வகைத் துப்பாக்கிகள், 1875இல் பர்மிங்காமில் ஆன்சன், டீலி என்ற இருவர் காப்புரிமை வாங்கிய அமைப்பை ஒட்டியவை. குழலை மடக்கித் திறக்கும்போதே உள்ளே இருக்கும் குதிரை ஏறிக்கொள்ளும். மூடிய பிறகும் ஏறியேதான் இருக்கும். அப்படியே மாதக்கணக்கில் பீரோவில் வைத்தால் ஸ்பிரிங் நாளெல்லாம் அழுத்தத்தில் கிடந்து தளரும். அதை இறக்கிவைக்கிறேன் என்று தோட்டா இல்லாமல் வெறுமனே விசையை இழுத்தால் ஊசி முனை உடையும். இதற்கென்று உள்ளே ஸ்பிரிங் வைத்த பொய்த்தோட்டா ஒன்று உண்டு. அதைப் போட்டு இறக்க வேண்டும். இன்னும் ஒரு சிக்கல், இந்த அமைப்பில் சில துப்பாக்கிகளில் ஊசி தனித் துண்டு, சிலவற்றில் உள்குதிரையோடு சேர்ந்த ஒரே துண்டு. உங்களுடையது எது என்று திறந்து பார்க்காமல் நான் சொல்ல மாட்டேன். லேத்காரரும் சொல்லக் கூடாது.

அவரைப் பற்றி: நல்ல கைவேலைக்காரராகவே இருக்கட்டும். பம்புசெட் ஷாஃப்டை நூலிழை பிசகாமல் கடைபவராக இருக்கட்டும். ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவில் செய்வதற்கும் விற்பதற்கும் மட்டுமில்லை, பழுதுபார்ப்பதற்கும் உரிமம் வேண்டும். உரிமமில்லாமல் செய்தால் இப்போது தண்டனை ஏழு வருடத்தில் தொடங்கி ஆயுள் வரை போகிறது. உங்களுக்கு உதவி செய்ய வந்த மனிதருக்கு இதை வாங்கிக் கொடுக்க வேண்டுமா? வேலையின் பக்கம் பார்த்தாலும் ஊசி எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்க வேண்டும், முனை எப்படி உருண்டிருக்க வேண்டும், எந்த எஃகு, எவ்வளவு பதம் என்பதில் கொஞ்சம் தவறினால் தோட்டாவின் அடியில் ஊசி பட்டதும் தீப்பற்றும் தொப்பியைத் துளைத்துக்கொண்டு புகை பின்பக்கமாக, அதாவது உங்கள் கண் பக்கமாக வரும். லேத்தில் நன்றாகக் கடைந்த ஊசி என்று பெருமையாகக் கொண்டுவந்த ஒருவரின் வலது கன்னத்தில் மையால் புள்ளி வைத்தது போலக் கறுப்புப் பொரிகள் இருந்தன. கண்ணாடி போட்டிருந்ததால் கண் தப்பியது.

அடுத்து ஸ்டேஷன் நண்பர் சொன்னது. இது கேட்பதற்கு நியாயமாகவே தோன்றும். எப்படியும் உருக்கப் போகிற இரும்பு, ஒரு சின்ன ஊசியால் யாருக்கு நஷ்டம்? ஆனால் இந்திய சட்டத்தில் ‘துப்பாக்கி’ என்றால் என்ன என்று 2ஆம் பிரிவில் பாருங்கள். துப்பாக்கியின் பாகங்களும் துப்பாக்கியே என்று அதில் எழுதியிருக்கிறது. ஊசி ஒன்று உங்கள் சட்டைப்பையில் இருந்தால், சட்டத்தின் கண்ணில் சட்டைப்பையில் துப்பாக்கி இருக்கிறது.

அதோடு அங்கே கிடப்பது குப்பை என்று அவர் சொன்னாலும் அது வழக்குச் சொத்து. வழக்கு முடிந்து, தீர்ப்பில் நீதிமன்றம் பறிமுதல் என்று உத்தரவிட்டு, மேல்முறையீட்டுக் காலமும் கடந்து, அப்புறம்தான் அழிப்பதற்குப் போகும். அதுவரை ஒரு திருகாணியைக் கழற்றினாலும் சாட்சியைக் கலைத்ததாகும். அதிலும் நீங்கள் கேட்பது ஊசி! தடய அறிவியல் ஆய்வகத்தில் துப்பாக்கிப் பிரிவில் முதலில் பார்ப்பவற்றில் ஒன்று ஊசி பதித்த குழிதான். சுட்ட தோட்டாவின் தொப்பியில் ஊசி ஒரு குழி பதிக்கிறது. முனையில் இருக்கும் நுண்ணிய கீறல், பள்ளம் எல்லாம் அந்தக் குழியில் விழும். இரண்டு குழிகளை நுண்ணோக்கியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, இது இந்தத் துப்பாக்கியில் வெடித்தது என்கிறார்கள். ஏதோ ஒரு கொலை வழக்கில் கிடந்த துப்பாக்கியின் ஊசியை உங்கள் அப்பாவின் துப்பாக்கியில் மாட்டிவிட்டு, தோப்பில் பன்றி விரட்ட ஒன்று வெடித்தீர்கள் என்று வையுங்கள். சுட்டபின் மிஞ்சும் அந்த வெறும் தோட்டாக் கூடு பேசும், உங்களுக்கு எதிராக.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. நம் மலை மாவட்டங்களில் பிடிபடுபவற்றில் பெரும்பகுதி நாட்டுத் துப்பாக்கி. முன்பக்கமாக மருந்தும் ரவையும் கெட்டிக்கிற வகை. கிடைத்த குழாயை வைத்துச் செய்தது. அதற்கும் உங்கள் வெப்லிக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. அதிர்ஷ்டவசமாக அந்தக் குவியலில் இன்னொரு வெப்லியே இருந்தாலும், பழைய ஆங்கிலேயத் துப்பாக்கிகளில் பாகங்களை ஒவ்வொரு துப்பாக்கிக்கும் அரத்தால் ராவி, புகைக்கரி பூசி, எங்கே உரசுகிறது என்று பார்த்துப் பார்த்துப் பொருத்தினார்கள். ஒன்றின் ஊசி இன்னொன்றில் அப்படியே உட்கார்ந்துகொள்ளாது. ஸ்கூட்டருக்குக் கேபிள் வாங்குகிற மாதிரி இது இல்லை.

கழித்துப்போட்ட ஆயுதத்தின் பாகம் எங்கே போகும் என்பதற்கு ஜபல்பூர் கதையைச் சொல்ல வேண்டும். 2018இல் பீகாரின் முங்கேர் மாவட்டத்தில் ஏ.கே. 47 துப்பாக்கிகள் ஒவ்வொன்றாகக் கிடைக்கத் தொடங்கின. சில கிணற்றுக்குள்ளிருந்து வந்தன. நூல் பிடித்துக்கொண்டு போனால் அது மத்தியப் பிரதேசத்தில் ஜபல்பூர் ராணுவ ஆயுதக் கிடங்கில் போய் நின்றது. படையிலிருந்து கழித்த துப்பாக்கிகளின் பாகங்கள் அங்கிருந்து வெளியே கசிந்தன. ஓய்வுபெற்ற ஆயுதப் பழுதுநீக்குநர் ஒருவர் அவற்றைக் கோத்து முழுத் துப்பாக்கியாக்கினார். ரயிலேறி முங்கேர் போயின என்பது வழக்கு. தேசியப் புலனாய்வு முகமை வரை போயிற்று. ஒவ்வொரு பாகமும் கிடங்கை விட்டு வெளியேறியபோது, இது வெறும் கழிவுதானே என்று யாரோ ஒருவர் மனதுக்குள் சொல்லியிருப்பார். முங்கேர் என்றாலே கள்ளத்துப்பாக்கி என்று ஆகிவிட்டது வருத்தம்தான்; பதினெட்டாம் நூற்றாண்டில் மீர் காசிம் காலத்திலிருந்து அங்கே துப்பாக்கி வேலை நடக்கிறது, இன்றைக்கும் உரிமம் பெற்ற பட்டறைகள் ஒற்றைக்குழலும் இரட்டைக்குழலும் செய்கின்றன. அந்தக் கைகளின் தரம் எனக்குத் தெரியும். ஆனால் ‘முங்கேரிலிருந்து பார்சலில் வரும்’ என்று யாராவது சொன்னால் ஓடிவிடுங்கள்.

டெக்சாஸ் தம்பி சொன்னது பொய்யில்லை. அவர்கள் நாட்டுச் சட்டம் வேறு மாதிரி. 1968ஆம் ஆண்டுச் சட்டப்படி அங்கே துப்பாக்கி என்பது அதன் உடல்பகுதி. விசையும் குதிரையும் உட்காரும், எண் பொறித்த அந்தக் கூடு. அதை ரிசீவர் என்பார்கள். அதைக் கடையில் வாங்கத்தான் பின்னணிச் சோதனை, கடைப் பதிவேட்டில் குறிப்பு எல்லாம். குழல், ஊசி, ஸ்பிரிங், கட்டை இவையெல்லாம் பெரும்பாலும் சாதாரணச் சரக்கு. நியூயார்க் மாநிலத்தில் நியூம்ரிக் என்ற நிறுவனம் 1950இலிருந்து வழக்கொழிந்த துப்பாக்கிகளின் பாகங்களையே விற்று வருகிறது. போலீஸ் பறிமுதல் செய்ததும் இந்தச் சந்தைக்கு வருகிறது. பல ஊர்ப் போலீஸ், துப்பாக்கிகளை அழித்துத் தரச் சொல்லித் தனியார் நிறுவனங்களிடம் கொடுக்கிறது. இலவசமாகவே அழித்துத் தருகிறோம் என்கிறார்கள் அவர்கள். எப்படிக் கட்டுப்படியாகிறது? எண் பொறித்த அந்த உடலை மட்டும் நொறுக்கிவிட்டு, மிச்சத்தை மொத்தமாக ஒரு செட்டாகக் கட்டி விற்கிறார்கள். 2023 டிசம்பரில் நியூயார்க் டைம்ஸ் இதை விரிவாக எழுதியது. ஊரில் துப்பாக்கி குறையட்டும் என்று மக்கள் தாமாகக் கொண்டுவந்து கொடுத்தவையும் அதில் இருந்தன. கொடுத்தவர்களில் பலருக்கு இது தெரியாது. உடல்பகுதி ஒன்றைத் தனியாக வாங்கினால் அந்த செட் மறுபடி துப்பாக்கி. எண்ணில்லாத, அரைகுறையாகச் செய்த உடல்பகுதிகளை விற்பதைக் கட்டுப்படுத்த 2022இல் அங்கே விதி போட்டார்கள், 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றமும் அந்த விதி செல்லும் என்றது.

பழைய துப்பாக்கிகளைக் காப்பாற்றுகிறவன் என்ற முறையில் எனக்கு அந்தக் கடைகளைப் பார்த்தால் நாக்கில் எச்சில் ஊறும், மறைக்கவில்லை. ஆனால் அழித்துத் தருகிறோம் என்று சொல்லி வாங்கிவிட்டு விற்பது எனக்கு ஒப்பவில்லை. விற்பதென்றால் விற்கிறோம் என்று சொல்லிவிட்டு விற்கட்டும். இங்கிலாந்தில் நடுவாந்திரமாக ஒன்று வைத்திருக்கிறார்கள்: குழல், உடல், பின்பக்கம் அடைக்கும் கட்டை என்று வெடிப்பின் அழுத்தத்தைத் தாங்குகிற பாகங்களை 2017ஆம் ஆண்டுச் சட்டத்தில் பெயர் சொல்லிக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தார்கள். இந்தியாவில் எல்லாப் பாகமும் துப்பாக்கி. உங்கள் தம்பி பெட்டி கட்டுவது ஒரு நாட்டில், திறந்து காட்டுவது இன்னொரு நாட்டில். அங்கே கடையில் சோப்பு வாங்குவது போல வாங்கியது கோவை விமான நிலையத்தில் ஆயுதக் கடத்தல். துப்பாக்கிப் பாகத்தைக் கொண்டுவர இங்கே முன் அனுமதி வேண்டும். அங்கிருந்து வெளியே எடுத்துவருவதற்கு அவர்கள் நாட்டு ஏற்றுமதி விதிகள் தனி. பொங்கலுக்கு வருகிறவன் பொங்கல் சாப்பிட்டுவிட்டுப் போகட்டும்.

ஏன் இங்கே பாகம் கிடைப்பதில்லை என்றும் தெரிந்துகொள்ளுங்கள். எண்பதுகளின் நடுவில் தனியார் துப்பாக்கி இறக்குமதியை அரசு நிறுத்திவிட்டது. பெயர்பெற்ற விளையாட்டு வீரர்களுக்கு மட்டும் விலக்கு. வெப்லி அண்ட் ஸ்காட்டே 1979இல் துப்பாக்கி செய்வதை நிறுத்திவிட்டது. இப்போது உத்தரப் பிரதேசத்தில் சண்டீலாவில் அந்தப் பெயரில் கைத்துப்பாக்கி செய்கிறார்கள். அங்கே எழுதிக் கேட்டால் உங்கள் இரட்டைக்குழலுக்கு ஒன்றும் வராது. நம் திருச்சி ஆயுதத் தொழிற்சாலையும், 2021 அக்டோபருக்குப் பிறகு அது சேர்ந்திருக்கும் கான்பூர் நிறுவனத்தின் மற்றத் தொழிற்சாலைகளும் அவரவர் செய்த துப்பாக்கிக்குத்தான் பாகம் தருவார்கள். அவற்றில் ஒன்றான இஷாப்பூர் தொழிற்சாலையின் இரட்டைக்குழல் வைத்திருப்பவர் என்றால் அங்கே கேளுங்கள் என்பேன். உங்களுக்கு அந்த வழி இல்லை.

ஆக மிச்சம் இருப்பது பழைய கடைகளும் பழுதுபார்க்கும் உரிமம் உள்ள கைகளும்தான். இறக்குமதி இருந்த காலத்தில் கடை நடத்தியவர்களிடம் அப்போது பெட்டியோடு வந்த உதிரிகள் இன்னும் இருக்கின்றன. என்னிடம் மூன்று பிஸ்கட் டின் நிறைய இருக்கிறது. என் அப்பா ஒவ்வொரு ஸ்பிரிங்கையும் எண்ணெய்க் காகிதத்தில் சுற்றி, ‘கிரீனர், இடது’, ‘பி.எஸ்.ஏ., பெயர் தெரியாது’ என்று பென்சிலால் எழுதி வைத்திருக்கிறார். எல்லாம் இருப்புப் பதிவேட்டில் ஏறியவை. டின்னில் இல்லையென்றால் செய்வோம். ஆங்கில ‘வி’ எழுத்து மாதிரி வளைந்த ஸ்பிரிங்கை எஃகுப் பட்டையிலிருந்து ராவி எடுத்துப் பதம் வைக்க எனக்கு இரண்டு நாள் ஆகும். முதல் ஸ்பிரிங் சில சமயம் உடைந்து மூன்றாவதுதான் நிற்கும். ஊசி அதைவிட எளிது. வேறு ஊர்க் கடைக்குக் கொண்டுபோவதாக இருந்தால் உங்கள் லைசென்ஸ் எந்த எல்லை வரை செல்லும் என்று முதலில் புத்தகத்தில் பாருங்கள். கொடுக்கும்போது லைசென்ஸ் புத்தகத்தைக் காட்டி, பதிவேட்டில் ஏற்றி, ரசீது வாங்க வேண்டும். புத்தகத்தைப் பார்க்காமலேயே ‘வைத்துவிட்டுப் போங்கள்’ என்கிற கடையில் வைக்காதீர்கள்.

துப்பாக்கி கைக்கு வந்து பழுதும் பார்த்துவிட்டால், சுடுவதற்கு முன் குழலின் அடிப்பக்கம், துப்பாக்கியின் உடல்பகுதியோடு மூடிக்கொள்ளும் தட்டையான இடத்தில், பொறித்திருக்கும் முத்திரைகளைப் படிக்கச் சொல்லுங்கள். பர்மிங்காமில் சோதித்துப் பொறித்தவை. பழைய ஆங்கிலத் துப்பாக்கிகள் பலவற்றின் தோட்டா அறை இரண்டரை அங்குலத் தோட்டாவுக்கானது. அதில் எழுபது மில்லிமீட்டர் தோட்டாவைப் போட்டாலும் உள்ளே போய்விடும், அதுதான் ஆபத்து. வெடித்துத் தோட்டாவின் வாய் மடிப்பு விரியும்போது இடமில்லாமல் அழுத்தம் எகிறும். பாகம் தேடுகிற ஆர்வத்தில் இதை யாரும் பார்ப்பதில்லை. பன்றி விரட்டுவது பற்றியும் ஒரு வார்த்தை: சத்தம் போட்டு விரட்டுவது வேறு, சுட்டு வீழ்த்துவது வேறு. இரண்டாவதற்கு 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி தனி அனுமதி வேண்டும். துப்பாக்கி லைசென்ஸ் அந்த அனுமதி ஆகாது.

உங்கள் துப்பாக்கி என்னிடமே வந்தாலும், உரிமம் உங்கள் பெயருக்கு வரும்வரை நான் திருப்புளியை எடுக்க மாட்டேன். துரு பிடிக்காமல் துடைத்து வைப்பேன், அவ்வளவுதான். ஆனால் ஒன்று செய்யுங்கள். இடது குழலில் போட்டு வெடிக்காமல் போன தோட்டாவை அப்பா தூக்கி எறிந்திருக்க மாட்டார். அந்தக் காலத்து மனிதர்கள் எறிவதில்லை. துப்பாக்கி உறையின் பையிலோ பீரோவின் அடித்தட்டிலோ இருக்கும். அதையும் மற்றத் தோட்டாக்களோடு ஒப்படைத்து, ‘வெடிக்காதது ஒன்று’ என்று ரசீதில் தனியாக எழுத வையுங்கள். குத்திப் பார்க்கவோ மறுபடி போட்டு இழுத்துப் பார்க்கவோ வேண்டாம். அதன் தொப்பியில் விழுந்த குழி ஆழமில்லாமல் நடுவில் இருந்தால் எண்ணெயோ ஸ்பிரிங்கோ. குழி மழுங்கலாக ஓரத்தில் இருந்தால் அப்பா சொன்னதுதான் சரி, ஊசி.